பிறை விழாத வட்டம்

கோவையில் ஹைட்ராலிக் வால்வுகளுக்கான இரும்புக் கட்டிகளைக் கடைந்து தரும் பட்டறை ஒன்று. சோதனை மேசைமேல் செங்கல் அளவில் ஒரு கட்டி இருந்தது. மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. இரண்டும் உள்ளே எங்கோ சந்திக்கின்றன. வெளிப்புறம் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகு. சோதனைப் பிரிவில் இருந்த அம்மா, பென்சிலைவிட ஒல்லியான எஃகுக் குழாய் ஒன்றை மேல்துளைக்குள் மெல்ல இறக்கினார். மறுமுனையில் கண்ணை வைத்து, விரலால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். பிறகு தலையை எடுத்து, "நீங்களே பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். பளீரென்ற வெளிச்சத்தில் வளைந்த சுவர். டிரில் சுற்றிச்சுற்றி இறங்கிய தடம் கிணற்று உறை வரிகள்போலத் தெரிந்தது. பக்கத்துளை வந்து சேரும் இடத்தில், அதன் விளிம்பில், உரிந்தும் உரியாமலும் ஒரு இரும்புத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறை மொழியில் அதற்குப் பெயர் 'பர்'. நல்ல தமிழில் பிசிறு. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தால் அரிசி நொய் அளவுகூட இருக்காது. ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் அது பிய்ந்துபோய் வால்வுக்குள் உட்கார்ந்தால், மண் அள்ளும் இயந்திரத்தின் கை பாதியில் நின்றுவிடும். அந்தக் கட்டியை அறுத்துப் பார்க்காமல் அந்தப் பிசிறைக் காட்டியது 6 மில்லிமீட்டர்க் குழாய். அதற்குள் இருந்தவை கண்ணாடி, காற்று, வெளிச்சம். மின்னணுச் சில்லு ஒன்றுகூட இல்லை.

அதுதான் வளையாத போர்ஸ்கோப். இன்று கைப்பேசியில் செருகிப் பார்க்கும் பாம்புக் கேமராக்கள் கடைத்தெருவெங்கும் கிடைக்கின்றன. அவற்றுக்கு நடுவே இந்த நேர்க்குழாய் ஏன் இன்னும் வேலையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயரில் உள்ள 'போர்' நமக்குப் புதியதில்லை. வீட்டுக் கொல்லையில் 'போர் போடுகிறோமே', அதே சொல்தான். இன்ஜின் சிலிண்டரின் உள்விட்டத்தையும் மெக்கானிக்குகள் 'போர்' என்றே சொல்கிறார்கள். உலோகத்தில் குடைந்த துளையைப் பார்க்கும் கருவி, எனவே போர்ஸ்கோப்.

இதை முதலில் செய்தவர் ஒரு கண் மருத்துவர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜார்ஜ் கிராம்ப்டன். 1921இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். நீராவி டர்பைனின் ரோட்டார் பல டன் எடையுள்ள எஃகுத் தண்டு. உருக்கிய எஃகு அச்சில் இறுகும்போது ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில் இறுகும். ஆகவே அழுக்கு, காற்றுக்குமிழ், வெடிப்பு எல்லாம் நடுவில் போய்த்தான் சேரும். அந்த நடுப்பகுதியையே நீளவாக்கில் குடைந்து எடுத்துவிடுவது அன்றைய வழக்கம். எடுத்தாயிற்று, ஆனால் மிச்சமிருக்கும் சுவரில் குறை ஏதும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலப்போகும் தண்டு அது. உள்ளே ஒரு வெடிப்பு இருந்தால் ஆலையே சிதறும். மனித உடலின் இருட்டு அறைகளைப் பார்க்க மருத்துவர்கள் ஏற்கெனவே குழாய் வைத்திருந்தார்கள். கிராம்ப்டன் அந்த அறிவை எஃகுக்குக் கொண்டுவந்தார். லெனாக்ஸ் என்ற கருவி நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

வெறும் குழாயை வைத்துப் பார்த்தால் என்ன? செய்தித்தாளைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பாருங்கள். மறுமுனையில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். 6 மில்லிமீட்டர் அகலமும் 300 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குழாய் என்றால் கண்ணுக்குக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 1 டிகிரி. ஒன்றுக்கும் உதவாது. போர்ஸ்கோப்பின் நுனியில் இருக்கும் பொருளருகு லென்ஸ் 50, 60 டிகிரி அகலக் காட்சியை அள்ளி, தன் பின்னாலேயே பொட்டு அளவில் ஒரு பிம்பமாக்கிவிடுகிறது. பிம்பம் கிடைத்தாயிற்று, ஆனால் அது குழாயின் அந்தக் கோடியில் இருக்கிறது, கண் இந்தக் கோடியில். இடையில் உள்ள தூரத்தை அது கடக்க வேண்டும்.

காங்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள் அல்லவா, அப்படித்தான் இதுவும். முதல் பிம்பத்தை ஒரு லென்ஸ் கூட்டம் எடுத்துச் சற்றுத் தள்ளி இன்னொரு பிம்பமாக வைக்கும். அதை அடுத்த கூட்டம் எடுத்து இன்னும் தள்ளி வைக்கும். ரிலே லென்ஸ்கள் என்பது இவைதான். ஒவ்வொரு கைமாற்றிலும் பிம்பம் தலைகீழாகப் புரளும். பொருளருகு லென்ஸ் ஒருமுறை புரட்டிவிடுவதால், கைமாற்றுகள் ஒற்றைப்படையில் இருந்தால் கடைசியில் படம் நேராக நிற்கும். கண்ணருகு லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

சட்டி கைமாறும்போது சாந்து கொஞ்சம் சிந்தும். இங்கே சிந்துவது வெளிச்சம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போதும், வெளியே வரும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடுகிறது. கேட்கச் சின்னத் தொகை. ஆனால் ஒரு நீளமான போர்ஸ்கோப்பில் இப்படி 40 பரப்புகள் இருந்தால், கடைசியில் வந்து சேர்வது 20 சதவீதத்துக்கும் குறைவு. திரும்பிய ஒளியும் சும்மா இருப்பதில்லை. குழாய்க்குள்ளேயே அலைந்து படத்தின்மேல் பனிபோலப் படரும். பரப்புகளுக்கு மெல்லிய பூச்சு கொடுத்து இழப்பை அரை சதவீதமாக்கினால் அதே 40 பரப்புகளைத் தாண்டி 80 சதவீதம் வந்து சேரும். கண்ணாடிப் பூச்சு என்ற ஒன்று இல்லையென்றால் இந்தக் கருவி இன்றைய நிலைக்கு வந்தே இருக்காது.

ஆனால் பூச்சு மட்டும் போதவில்லை. இங்கேதான் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் வருகிறார். என் கணக்கில் இந்தக் கருவியின் வரலாற்றிலேயே மிக அழகான இடம் இது.

ஹாப்கின்ஸ் இங்கிலாந்துக்காரர், இயற்பியலாளர். 1950களின் இறுதியில் லிவர்பூலைச் சேர்ந்த ஜேம்ஸ் கௌ என்ற சிறுநீரியல் மருத்துவர் அவரிடம் ஒரு குறையோடு வந்தார்: சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் படமெடுக்க முடியவில்லை, வெளிச்சம் போதவில்லை. விளக்கைப் பெரிதாக்கினால் உள்ளே வெந்துவிடும். ஹாப்கின்ஸ் பழைய குழாயின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அதில் மெல்லிய குட்டி லென்ஸ்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட காற்று இடைவெளி. அவர் இரண்டையும் இடம் மாற்றினார். லென்ஸ் இருந்த இடத்தில் மெல்லிய காற்று; காற்று இருந்த இடத்தில் நீண்ட கண்ணாடித் தண்டு. தண்டுகளின் முனைகளை லென்ஸ்போல வளைத்துத் தீட்டினார். கண்ணாடிக்குள் காற்று லென்ஸ் என்று சொல்லலாம். 1959இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இந்த இடமாற்றத்தால் என்ன கிடைத்தது? கண்ணாடிக்குள் போகும் ஒளிக்கற்றை குறுகிக்கொள்ளும். அதனால் அதே குறுகிய குழாய் வழியாக அதிகக் கோணத்து ஒளி போக முடியும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.6 என்றால், அதன் வர்க்கம் 2.56, அத்தனை மடங்கு ஒளி இந்த ஒரு காரணத்தாலேயே கூடுகிறது. அடுத்தது, பழைய குழாயில் குட்டி லென்ஸ்களைப் பிரித்து நிறுத்த உள்ளுக்குள் இன்னொரு மெல்லிய உறை வேண்டியிருந்தது. அது ஒளியின் வழியை அடைத்தது. தண்டுக்கு அந்த உறை பெரும்பாலும் தேவையில்லை. இப்படிக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் போகும் ஒளி, ஆரத்தின் நான்காம் அடுக்கில் கூடும். ஆரம் கால் பங்கு கூடினால் ஒளி இரண்டரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 6 மடங்கு வெளிச்சம், அதே தடிமனுள்ள குழாயில், அதே விளக்கில்.

தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவது நன்மை ஒன்றும் உண்டு. 3 மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டி லென்ஸைக் குழாய்க்குள் சாயாமல் நிறுத்துவது பெரும்பாடு. காசைக் குழாயில் போட்டால் எப்படிப் புரளுமோ அப்படிப் புரளும். பென்சிலைக் குழாயில் போட்டால் புரளாது. கண்ணாடித் தண்டும் அப்படியே, தானாக நேராக நிற்கும். சாயாத லென்ஸ் தரும் படம் ஓரம்வரை தெளிவாக இருக்கும்.

பிரிட்டனில் இதற்கு வரவேற்பு கிடைக்கவில்லை. 1960களில் ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரத்து மருத்துவக் கருவித் தயாரிப்பாளர் கார்ல் ஸ்டோர்ஸ் இதன் அருமையை உணர்ந்து வாங்கித் தயாரித்தார். அறுவை அரங்குக்காகப் பிறந்த தண்டு லென்ஸ் அங்கிருந்து ஆலைக்கும் வந்தது. இதே ஹாப்கின்ஸ்தான், பஞ்சாப்பின் மோகாவில் பிறந்து அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த நரீந்தர் சிங் கபானியுடன் சேர்ந்து, வளையும் ஒளியிழைக் கற்றை வழியே படம் கடத்த முடியும் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் காட்டியவர். வளைகிற வழி, வளையாத வழி இரண்டையும் திறந்தவர் ஒருவரே.

இரண்டும் ஏன் தேவை? ஒளியிழைக் கற்றையில் ஒரு இழை ஒரு புள்ளியைத்தான் கடத்தும். பல ஆயிரம் இழை இருந்தாலும் படம் கொசுவலை வழியே பார்ப்பதுபோல் இருக்கும். தண்டு லென்ஸ் படத்தைப் புள்ளி புள்ளியாக உடைப்பதில்லை. முழுதாக எடுத்துச் செல்கிறது. ஆகவே போகும் வழி நேராக இருந்தால் நேர்க்குழாய். வழி வளைந்திருந்தால் வேறு வழியில்லாமல் வளையும் கருவி. போர்ஸ்கோப்பிலும் ஒளியிழை இருக்கிறது, ஆனால் படத்துக்காக அல்ல. லென்ஸ் வரிசைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே உள்ள வளைய இடத்தில் இழைகளைத் திணித்து, அவற்றின் வழியாக வெளியில் உள்ள விளக்கின் ஒளியை நுனிக்கு அனுப்புகிறார்கள். முன்பு நுனியிலேயே குட்டி பல்பு இருந்தது. சுடும், உடையும், உடைந்தால் இன்ஜினுக்குள்ளேயே விழும். இப்போது சூடு வெளியே நின்றுவிடுகிறது, ஒளி மட்டும் உள்ளே போகிறது.

எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் நேர்ப்பார்வைக் குழாயைத்தான் கேட்பார்கள், 0 டிகிரி. அது துளையின் அடிப்பகுதியைக் காட்டும். சுவரையோ மிகச் சாய்ந்த கோணத்தில்தான் காட்டும், ரயில் ஜன்னலில் தலையை நீட்டாமல் தண்டவாள ஓரத்தைப் பார்ப்பதுபோல. சுவரில் உள்ள கீறலை நேருக்கு நேர் பார்க்க நுனியில் ஒரு பட்டகம் வேண்டும். அது காட்சியை 90 டிகிரி திருப்பிக் கொடுக்கும். 30, 45, 70 டிகிரிக் குழாய்களும் உண்டு. வந்த வழியையே சற்றுத் திரும்பிப் பார்க்கும் 110 டிகிரியும் உண்டு. கோவைப் பட்டறையில் பிசிறைக் காட்டியது பக்கப் பார்வைக் குழாய். நேர்ப்பார்வையில் அதே பிசிறு வெறும் நிழலாகத்தான் தெரிந்தது.

துப்பாக்கிக் குழலில் இரண்டும் வேண்டும். திருச்சியில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில் குழலின் உட்புறம்தான் பொருளின் தரமே. குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகள் குழல் நெடுக ஒரே சீராக ஓடுகின்றனவா என்று ஒட்டுமொத்தமாகக் காண நேர்ப்பார்வை உதவும். வரியின் விளிம்பில் கருவி கிழித்த தடம், குரோமியப் பூச்சு உரிந்த இடம், பலமுறை சுட்டபின் தோட்டா அறைக்கு முன்னால் வெப்பத்தில் பாளம் பாளமாக வெடித்திருக்கும் உலோகம் ஆகியவற்றைப் பக்கப் பார்வைதான் காட்டும். வறண்ட ஏரிப்படுகைபோல இருக்கும் அந்த வெடிப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

பிஸ்டன் இன்ஜினுக்கு வழி இன்னும் எளிது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நேராக ஒரு வாசல். சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்தபோது, அதாவது தீட்டுகல்லால் தேய்த்தபோது, விழுந்த குறுக்கு நெடுக்குக் கோடுகள் இருக்கின்றனவா, தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்று சிலிண்டர் தலையைக் கழற்றாமலே பார்த்துவிடலாம். சிறிய விமானங்களின் பிஸ்டன் இன்ஜின் செய்யும் கான்டினென்டல் நிறுவனம், சிலிண்டர் அழுத்தச் சோதனையோடு போர்ஸ்கோப்பாலும் பார்க்க வேண்டும் என்று 2003இல் அறிவுறுத்தியது. காரணம், வெளியேற்று வால்வு எரியத் தொடங்கியதை அழுத்தமானி காட்டுவதற்கு முன்பே கண் கண்டுகொள்ளும். நல்ல வால்வின் முகத்தில் படிந்த நிறம் மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, கோலம்போலச் சீராக இருக்கும். எரியும் வால்வில் ஒரு பக்க ஓரம் மட்டும் நிறம் மாறி அந்த வட்டம் கெட்டிருக்கும்.

ஜெட் இன்ஜினில் வேலை பெரியது. இன்ஜினை வடிவமைக்கும்போதே அதன் உறையில் ஆங்காங்கே போர்ஸ்கோப்புக்கென்று துளை விட்டு, மூடி போட்டிருப்பார்கள். இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து குழாயைச் செருகுவார்கள். ஒருவர் கண்ணை வைத்துப் பார்க்க, இன்னொருவர் ரோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றுவார். பிளேடுகள் ஒவ்வொன்றாகப் பார்வைக்கு முன்னால் வந்து போகும். எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பறவையோ ஓடுதளக் கல்லோ பட்டு விளிம்பில் விழுந்த பள்ளம், வெடிப்பு, வெப்பக் காப்புப் பூச்சு உதிர்ந்த திட்டு, அடைபட்ட குளிர்காற்றுத் துளை, இவைதான் தேடும் பொருள்கள். குழாய் உள்ளே இருக்கும்போது சொல்லாமல் ரோட்டாரைச் சுற்றிவிட்டால் பிளேடு குழாயை ஒடித்துவிடும். கண்ணாடித் துண்டு இன்ஜினுக்குள். எனவே இருவருக்கும் இடையே பேச்சு நிற்கவே கூடாது.

2010 நவம்பர் 4 அன்று குவாண்டஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் 469 பேரோடு சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது. சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே, அதன் ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 900 இன்ஜின்களில் ஒன்று வெடித்துச் சிதறியது. விமானிகள் விமானத்தைத் திருப்பி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் காரணத்தைத் தேடிப்போனபோது அது ஒரு சிறிய எண்ணெய்க் குழாயில் போய் முடிந்தது. அதன் உட்துளையை மையம் தப்பிக் குடைந்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஆகிவிட்டது. மெல்லிய பக்கம் களைத்து வெடித்தது. எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. டர்பைன் தட்டு தண்டிலிருந்து அறுந்து கட்டுக்கடங்காமல் சுழன்று உடைந்தது. அதே வகை இன்ஜின்கள் உலகெங்கும் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் எதில் இந்தக் குறை இருக்கிறது என்று அறிய, போர்ஸ்கோப் வழியாக அந்தக் குழாயின் வாயைப் பார்த்து அளந்தார்கள். கோவை மேசைமேல் இருந்த கட்டியின் குறையும் வானத்தில் வெடித்த இன்ஜினின் குறையும் ஒரே குடும்பம்: உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் துளை போட்டவர் விட்ட பிழை.

கருவி காட்டும், தீர்ப்புச் சொல்லாது. நுனிக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும். நுனியிலிருந்து 5 மில்லிமீட்டரில் இருக்கும் கீறல் மலைப்பாம்பாகத் தோன்றி, 20 மில்லிமீட்டருக்குத் தள்ளிப்போனால் நூலாகிவிடும். அளவு தெரிந்த மெல்லிய கம்பியொன்றைப் பக்கத்தில் நீட்டி ஒப்பிடுவது பழைய, நம்பகமான வழி. எண்ணெய்த் திட்டும் வெடிப்புபோலவே தெரியும். குழாயைச் சற்றுத் திருகி வெளிச்சத்தின் திசையை மாற்றிப் பார்த்தால் திட்டு மாறும், வெடிப்பு மாறாது. உலோகத்தின் தோலுக்கு அடியில் இருப்பதை இது காட்டவே காட்டாது; அதற்கு மீயொலிச் சோதனையும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன.

நுனியிலேயே கேமராச் சில்லு வைத்த வளையும் கருவிகள் இன்று மிக நன்றாக வந்துவிட்டன. முன்பு நேர்க்குழாய் செய்த வேலையில் பெரும்பகுதியை அவை எடுத்துக்கொண்டன, எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரே மாதிரிப் பொருளை நாளுக்கு நூறு என்று சோதிக்கும் மேசையில் நேர்க்குழாய்க்கு நிகரில்லை. பாம்புக் கேமராவின் நுனி எங்கே திரும்பியிருக்கிறது என்று திரையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நேர்க்குழாயின் நுனி கை போன திசையில் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதும் தெரியும்.

வளையாது என்பதால் வளைக்கவும் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடித் தண்டு. துளைக்குள் வைத்தபடி கையை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், விரிசல் விடும். பழையதோ புதியதோ, ஒரு போர்ஸ்கோப்பை வாங்குமுன் அதை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வட்டம் முழுதாகவும் ஓரம்வரை ஒரே வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். ஓரத்தில் பிறைபோல ஒரு கருநிழல் விழுந்திருந்தால் குழாய் எங்கோ வளைந்திருக்கிறது. அதை வாங்காதீர்கள்.